கண்ணுக்கு அறுவை இலவசம், கைத்தொழிலுக்கு?

கண்புரை அறுவை முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, "இது எத்தனை விரல்?" என்பதுதான். அடுத்து, ஆறு மீட்டர் தொலைவில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். கீழ் வரிகள் வரைக்கும் படித்துவிட்டால் அறுவை வெற்றி. பதிவேட்டில் ஓர் எண் கூடும். முகாம் நடத்தியவர்களின் பதாகையிலும் அந்த எண் ஏறும்.

வெல்டரின் வேலை ஆறு மீட்டர் தொலைவில் நடப்பதில்லை. மூக்கிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், பட்டாணி அளவுக்கு உருகி நிற்கும் இரும்பில் நடக்கிறது. அந்த ஒன்றரை அடியில் அவருக்கு என்ன தெரிகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அறுவை செய்துகொண்ட வெல்டர் மறுபடி ராடைப் பிடிக்க முடியுமா? எப்படிப் பழக வேண்டும்? முடியாமல் போனால் அவர் எங்கே போய் விழுகிறார்? முதல் இரண்டும் மருத்துவக் கேள்விகள். மூன்றாவது சாதிக் கேள்வி. மூன்றையும் சேர்த்துப் பேசினால்தான் ஒன்றுக்காவது விடை கிடைக்கும்.

சாதிப் பெயர் இல்லாத தொழில்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் வேங்கிக்கால் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். அலுவலகங்கள் வந்தன, வீடுகள் பெருகின, பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்ற வருகிற கூட்டத்துக்காக விடுதிகள் எழும்பின. கட்டடம் எழும்புகிற இடத்தில் கேட் வேண்டும், ஜன்னல் கிரில் வேண்டும், மாடிப்படிக் கைப்பிடி வேண்டும், தகரக் கூரைக்குச் சட்டம் வேண்டும். அப்படி முளைத்த வெல்டிங் பட்டறைகளில் ஒன்று என் சித்தப்பாவுடையது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு மிஷின், ஒரு கிரைண்டர், ஒரு கையாள்.

எங்கள் தாத்தா ஊர்ச் சாவுக்குப் பறையடித்தவர், குழி வெட்டியவர். அது அவர் தேர்ந்தெடுத்த வேலையில்லை. அவர் பிறந்த தெரு அவருக்காகத் தேர்ந்தெடுத்த வேலை. சித்தப்பா எட்டாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர்ந்தார். ஓராண்டுப் படிப்பு. சான்றிதழோடு திரும்பி வந்தவரை ஊரில் "வெல்டர்" என்றார்கள். எங்கள் குடும்பத்தில் சாதிப் பெயர் ஒட்டாத தொழிற்பெயரால் அழைக்கப்பட்ட முதல் ஆள் அவர்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் இரும்பின் சாதி வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கொல்லுப்பட்டறை பிறப்பால் வருவது. உலையும் சம்மட்டியும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், வெளியாளுக்கு வராது. மின்சார வெல்டிங்குக்கு அப்படிப்பட்ட பாட்டன் கிடையாது. அது தொழிற்சாலையோடும் கப்பல் கட்டும் தளத்தோடும் ரயில்வே பட்டறையோடும் வந்த வித்தை. அரசுப் பயிற்சி நிலையத்தில் இடஒதுக்கீட்டோடு கற்றுக்கொள்ள முடிந்த வித்தை. 1942 அக்டோபரில் அம்பேத்கர் வைஸ்ராய்க்குக் கொடுத்த கோரிக்கை மனுவில், பட்டியல் சாதியினருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி வேண்டும், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் இடம் வேண்டும் என்று கேட்டார். இயந்திரத்தின் முன்னால் நிற்பவனிடம் அது சாதி கேட்காது என்பது அவருக்குத் தெரியும். அந்த இயந்திரம் வரைக்கும் போக விடாமல் தடுப்பதுதான் சாதி என்பதும் தெரியும்.

1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததைக் குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் எதிர்த்தது. 1954இல் காமராசர் அதை நீக்கினார். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் என் சித்தப்பா என்ன கற்றிருப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஒரு தலித் குடும்பத்துக்கு வெல்டிங் என்பது வருமானம் மட்டுமில்லை. ஊர் ஒதுக்கிய வேலையிலிருந்து வெளியேறிய வழி. அந்த வழியில் நிற்பதற்கு இரண்டு கண் வேண்டும்.

லென்ஸ் மாறினால் எதெல்லாம் மாறும்

இந்தியாவில் 2015–19இல் நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டுக்குக் காரணம் கண்புரை. வயதுதான் பெரிய காரணம். நீரிழிவு, கண்ணில் பட்ட அடி, புகை, வெயில் எல்லாம் அதோடு சேரும். புற ஊதாக் கதிரின் பங்கும் நிறுவப்பட்டதுதான். அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில் வெயிலில் வேலைசெய்த 838 மீனவர்களை ஆராய்ந்து 1988இல் வெளியான ஆய்வு, அதிகப் புற ஊதாக் கதிர் பட்டவர்களுக்கு ஒருவகைக் கண்புரை கூடுதலாக வருவதைக் காட்டியது. உலை முன்னால் ஆண்டுக்கணக்கில் நின்ற கண்ணாடித் தொழிலாளர்களுக்கு அகச்சிவப்பு வெப்பத்தால் கண்புரை வந்ததும் பழைய செய்தி. வெல்டிங் வில்லிலிருந்து இரண்டு கதிர்களும் வருகின்றன.

இந்தக் கண்புரைக்கு இருக்கும் ஒரே மருந்து அறுவைதான். சொட்டு மருந்தால் கரையாது, மூலிகையாலும் கரையாது. கலங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும். 1949 நவம்பரில் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாக அதைச் செய்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடிச் சில்லுகளை விழி ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. பல ஆண்டுகள் அந்த லென்ஸ் இந்தியாவில் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்புக் கூடத்தை நிறுவி அந்த விலையை உடைத்தது. இன்று முகாமில் இலவசமாக லென்ஸ் கிடைப்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. இது சாதனைதான். இதற்கு அடுத்த படியைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

முகாமில் வழக்கமாக வைப்பது ஒரே தூரத்துக்குக் குவியும் லென்ஸ். இயற்கை லென்ஸ் இளமையில் தன் வடிவத்தை மாற்றி மாற்றிக் கிட்டத்தையும் தூரத்தையும் பார்க்கும். செயற்கை லென்ஸுக்கு அந்த நெளிவு கிடையாது. பெரும்பாலும் தூரப் பார்வைக்குப் பொருந்தும்படியே கணக்கிட்டு வைக்கிறார்கள். கிட்டத்துக்குக் கண்ணாடி போட்டாக வேண்டும்.

இதில் வெல்டரை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்படும் வகைக் கண்புரையில், தூரம் மங்க மங்கக் கிட்டப் பார்வை சிலகாலம் தெளியும். அதுவரை வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தவர் அதைக் கழற்றி வைத்துவிடுவார். "கிட்டத்துல எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று வேலையும் ஓடும். அறுவை முடிந்ததும் இது தலைகீழாகிறது. என் சித்தப்பா இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "மலை உச்சி பளிச்சுனு தெரியுதுப்பா, கையில இருக்கிற ராடு முனைதான் தெரியல." அறுவை கெட்டுப்போய்விட்டது என்றே அவர் நம்பினார். கெடவில்லை. வைத்த லென்ஸ் சரியாகவே வேலை செய்தது, ஆனால் அவர் செய்கிற வேலைக்காக அது வைக்கப்படவில்லை.

இரண்டாவது மாற்றம் ஒளியில். வயதான லென்ஸ் பழுப்பு மஞ்சளாகி, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் உலகம் திடீரென வெளுத்தும் நீலம் கூடியும் தெரியும். ஓவியர் மோனே 1923இல் கண்புரை அறுவை செய்துகொண்டு, நிறங்கள் மாறிவிட்டன என்று புலம்பி, சாயக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஓவியருக்கு அது நிறச் சிக்கல். வெல்டருக்கு அது கூச்சம். இருபது ஆண்டுகளாகப் பழகிய அதே கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் வில் இப்போது குத்தும்.

மூன்றாவது மாற்றம் ஆழக் கணிப்பில். ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்து மற்றதற்கு முடியாத இடைக்காலத்தில், ஒரு கண் தெளிவு, ஒரு கண் மஞ்சள் மங்கல். இரண்டும் ஒன்றுசேராது. ராடைத் தட்ட நினைத்த இடம் ஒன்று, தட்டும் இடம் ஒன்றாக இருக்கும். ஏணிப்படியும் அப்படியே தவறும்.

பழகுவது எப்படி

சித்தப்பா பழகிவிட்டார். அதற்குப் பல மாதங்கள் ஆயின. யாரோ ஒருவர் அரை மணிநேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அதில் பாதி மாதங்கள் மிச்சமாகியிருக்கும். பட்டறையிலும் கண் மருத்துவரிடமும் கேட்டுக் கற்றதை இங்கே தொகுத்துத் தருகிறேன். உங்கள் வீட்டு வெல்டருக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதல் வேலை அறுவைக்கு முன்னால். வைக்கப்போகும் லென்ஸின் திறனை விழியை அளந்து கணக்கிடுகிறார்கள். எந்தத் தூரத்தில் பார்வை குவிய வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு பகுதி. நாள் முழுதும் கிட்டத்திலேயே வேலை செய்பவருக்கு அந்த இலக்கைக் கொஞ்சம் கிட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எல்லோருக்கும் பொருந்தாது, மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "நான் வெல்டர்" என்று சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. பணம் கட்டிப் பல தூரத்துக்குக் குவியும் லென்ஸ் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்கும் ஒன்று: அந்த வகை லென்ஸில் வெளிச்சத்தைச் சுற்றி வளையமும் கூச்சமும் தெரிய வாய்ப்பு அதிகம். வில் ஒளியோடு வாழ்கிறவர் அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஓய்வு. காயம் ஆறவும் பார்வை நிலைக்கவும் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முகாம்களில் அதிகம் செய்யப்படும் தையலில்லாச் சிறு வெட்டு அறுவையில், கருவியால் நொறுக்கி உறிஞ்சும் முறையைவிட வெட்டு பெரிது. அதனால் அவசரம் கூடாது. அந்த நாட்களில் கிரைண்டர் தூசி, பாரம் தூக்குவது, குனிந்து சுத்தியல் அடிப்பது எல்லாம் ஆபத்து. சொட்டு மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. எப்போது பட்டறைக்குப் போகலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கேட் கேட்டு வந்த வீட்டுக்காரர் இல்லை.

மூன்றாவது, கண்ணாடி. சீட்டில் "படிக்க" என்று எழுதிக் கொடுப்பது சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு. அதற்கு 2.5 பவர் ஆகும். வெல்டர் அரை மீட்டரில் பிடித்து வேலை செய்பவரானால் அவருக்கு 2 போதும். ஆகவே ராடைப் பிடிக்கும் பாணியில் கையை நீட்டிக் காட்டி, அந்தத் தூரத்தை அளந்து கண்ணாடி எழுதச் சொல்ல வேண்டும். மேலே தூரம், கீழே கிட்டம் என்று இரண்டாகப் பிரித்த கண்ணாடி பட்டறைக்கு உதவாது. தலைக்கு மேலே வெல்டிங் வைக்கும்போது கீழ்த்துண்டு வழியாகப் பார்க்க முடியாது, கழுத்துதான் ஒடியும். முழுக்கக் கிட்டப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக வேண்டும், ஷீல்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ள. ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் செருகும் பெருக்கிக் கண்ணாடியும் கடைகளில் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடக்கக் கூடாது, தரை ஏமாற்றும்.

நான்காவது, கறுப்புக் கண்ணாடி. கூச்சம் இருந்தால் 10ஆம் நம்பருக்குப் பதில் 11 போட்டுப் பார்க்கலாம். மிஞ்சி இருட்டானால் உருகிய இரும்பே தெரியாது, பிறகு ஷீல்டைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் வரும். அதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். சாலையோரக் கூலிங்கிளாஸ் இதற்கு மாற்றாகாது. இருட்டுக்குக் கண்மணி விரியும், வடிகட்டப்படாத கதிர் கூடுதலாக உள்ளே போகும். வெல்டிங்குக்கான கண், முகப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 1179 என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது. தரமுத்திரை பார்த்து வாங்க வேண்டும்.

ஐந்தாவது, பயிற்சி. முதல் வாரம் வாடிக்கையாளரின் கேட்டில் கை வைக்க வேண்டாம். வீணான பட்டைகளை எடுத்து 12ஆம் நம்பர் ராடில் டேக் வைத்துப் பழக வேண்டும். முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள்ள வேண்டும். வில் தட்டுவதற்கு முன் இணைப்பு தெரிய, வேலை மேல் நேராக விழும்படி ஒரு விளக்கு வைக்க வேண்டும். கோட்டைச் சாக்பீஸால் தடிமனாகப் போட வேண்டும். மற்றொரு கண்ணும் முடிகிற வரைக்கும் ஏணி, சாரம், கூரை வேலை கூடவே கூடாது.

கடைசியாக ஒரு பயம். "உள்ளே வெச்ச லென்ஸ் சூட்டுல உருகிடும்" என்று பட்டறைகளில் சொல்வார்கள். கான்டாக்ட் லென்ஸ் உருகி விழியோடு ஒட்டிக்கொண்டது என்று உலகம் முழுக்கச் சுற்றிய கட்டுக்கதையின் தம்பி இது. விழிக்குள் இருக்கும் லென்ஸை உருக்கும் சூடு அங்கே போவதில்லை. இன்றைய லென்ஸ்களில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் சேர்க்கிறார்கள். அதற்காக ஷீல்டு இல்லாமல் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. கருவிழி பழைய கருவிழிதான், வெளிச்சம் அடித்தால் ராத்திரி மணல் கொட்டியதுபோல் உறுத்தும். விழித்திரையும் பழையதுதான். சில மாதமோ ஆண்டோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு கலங்கியிருக்கலாம். லேசரில் சில நிமிட வேலை அது. மின்னல் மின்னுவதுபோலவோ திரை இறங்குவதுபோலவோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கணக்கில் வராதவர்கள்

இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பிறகு ஏன் நடப்பதில்லை? ஆறு வார ஓய்வு என்று மருத்துவர் சீட்டில் எழுதிவிடுகிறார். அந்த ஆறு வாரத்துக்கு அரிசி யார் தருவது என்று எந்தச் சீட்டிலும் இல்லை. சித்தப்பா பதினெட்டாம் நாளே பட்டறைக்குப் போனார். வாரவட்டிக்காரர் வந்துவிட்டுப் போன மறுநாள் அது. அவரைத் திட்டிய உறவினர்கள் யாரும் அந்த வார வட்டியைக் கட்டவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 35ஆம் பிரிவில், தெறிக்கும் துகள்களிலிருந்தும் மிகையான ஒளியிலிருந்தும் தொழிலாளியின் கண்ணைக் காக்கத் திரையோ தகுந்த கண்ணாடியோ தர வேண்டும் என்றது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அகச்சிவப்புக் கதிரால் வரும் கண்புரை தொழில்சார் நோயாகவே இடம்பெற்றது. அம்பேத்கர் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில், 1944இல் அடர்கர் அறிக்கை வந்தது. அதன் வழியில் 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். கண்புரை ஓய்வுக்கு இது தாராளமாகப் போதும்.

இவற்றில் எந்தக் கதவும் தகரக் கொட்டகைக்குத் திறப்பதில்லை. மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்றது 1948 சட்டம். 2020இல் நிறைவேற்றிய சட்டத் தொகுப்பு அதை இருபதாக உயர்த்தியது. ஒரு மிஷின், ஒரு கையாள் இருக்கும் பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. இந்தக் கையாளை நினைத்துப் பாருங்கள். ஷீல்டு ஒன்றுதான் இருக்கும், அது மேஸ்திரியிடம். பட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வதுதான் அந்தப் பையனுக்குப் பாதுகாப்பு. அவனுடைய கண்புரை இருபது ஆண்டு கழித்து வரும். அப்போது அதை வயது என்று எழுதுவார்கள்.

யார் இந்தக் கொட்டகைகளில் இருக்கிறார்கள், யார் இ.எஸ்.ஐ. அட்டை உள்ள ஆலைகளுக்குள் போக முடிந்தது என்பது தற்செயல் இல்லை. சிபாரிசு, பட்டறை வைக்க முதல், சாலையோரத்தில் சொந்த மனை, ஜாமீன் நிற்க ஒரு சொந்தக்காரர் எல்லாம் சாதிவழியே பங்கிடப்பட்டவை. உழைப்பைப் பிரிப்பது வேறு, உழைப்பவர்களைப் படிநிலையில் அடுக்கிப் பிரிப்பது வேறு என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். ஒரே ராடு, ஒரே வில், ஒரே கண்புரை. ஆனால் ஒரு வெல்டருக்கு 91 நாள் சம்பளத்தோடு ஓய்வு, இன்னொரு வெல்டருக்குப் பதினெட்டாம் நாள் வட்டிக்காரர். அடுக்கு இப்படித்தான் கண்ணுக்குள்ளும் இறங்குகிறது.

முகாம் என்கிற வடிவத்தையும் பார்க்க வேண்டும். 2008இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவசக் கண் முகாமில் அறுவை செய்துகொண்ட 66 பேர் பார்வை இழந்தார்கள். அது விதிவிலக்கு. கண்புரை அறுவை இன்று மிகப் பாதுகாப்பானது, யாரும் பயந்து தள்ளிப்போட வேண்டாம். ஆனால் அந்த விதிவிலக்கு ஒன்றைக் காட்டுகிறது: இலவசம் என்பது தானமாகத் தரப்படும் இடத்தில், பெறுபவரால் கேள்வி கேட்க முடியாது. எந்த லென்ஸ், எந்தத் தூரத்துக்கு, என் வேலைக்கு ஒத்துவருமா என்று கேட்பது நன்றிகெட்டதனமாகிவிடுகிறது. "சும்மா வெச்சாங்க, அதுக்கு மேல இன்னா கேக்கறது?" என்றார் சித்தப்பா. உரிமையாகத் தந்திருந்தால் கேட்டிருப்பார்.

கண் போனால் வெல்டர் எங்கே போகிறார்? வாட்ச்மேன் வேலைக்கு, விடுதிக் கழிவறை கழுவ, கிரிவலப் பாதையின் குப்பை அள்ள. அல்லது ஊருக்கே திரும்பி, தாத்தா விட்ட இடத்துக்கு. இந்த வேலைகளைச் செய்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு தலைமுறை ஏறி வந்த படியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கலங்கல் ஒருவரை இறக்கிவிட முடிகிறது, இறங்கும் இடமும் முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறேன்.

என்ன கேட்க வேண்டும்

பெரிய கோரிக்கைகள் இருக்கின்றன, அவற்றை விடக் கூடாது. தொழிற்சாலை என்பதன் வரையறையை எண்ணிக்கையிலிருந்து ஆபத்துக்கு மாற்ற வேண்டும். வில் எரியும் இடம் ஒவ்வொன்றிலும், ஓர் ஆள் இருந்தாலும், கண் பாதுகாப்புச் சட்டம் செல்ல வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் நோய்க்காலக் கூலி வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. முகாம் பதிவு அட்டையில் "என்ன வேலை செய்கிறீர்கள்? எவ்வளவு தூரத்தில் பார்க்க வேண்டும்?" என்று இரண்டு வரி சேர்க்கட்டும். ஆறாம் வாரப் பரிசோதனையில் தூரப் பலகையோடு வேலைத் தூரத்தையும் சோதிக்கட்டும், அதற்கான கண்ணாடியை அறுவையோடு சேர்த்து இலவசமாகத் தரட்டும். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வந்த நல வாரியங்கள் இருக்கின்றன. கல்வி, திருமணம், மகப்பேறு, ஓய்வூதியம் ஆகியவற்றோடு கண் கண்ணாடிக்கும் உதவித்தொகை தருகின்றன. கண்ணாடியின் விலை தெரிந்த வாரியத்துக்குக் கண்ணாடி வரும்வரை பட்டினி கிடக்கும் ஆறு வாரத்தின் விலையும் தெரிய வேண்டும். அறுவைச் சான்று காட்டினால் ஓய்வுக்கால உதவி என்ற ஒரு வரியை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கோருவோம். ஐ.டி.ஐ.யில் கற்கும் வெல்டர் மாணவருக்கு முதல் நாளே தரமான ஹெல்மெட் சொந்தமாகத் தரக் கோருவோம்.

இதைப் படிக்கும் தோழர்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் ஒரு பட்டறை இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள், அதற்குத் தேவையான கைப்பேசியும் படிப்பும் உங்களிடம் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் வாசகர் வட்டமோ மாணவர் அமைப்போ கண் முகாமுக்கு ஆள் சேர்க்கும்போது, வருகிறவரின் தொழிலைச் சீட்டின் மேலே பெரிதாக எழுதி அனுப்புங்கள். உங்கள் வீட்டு கேட்டுக்கு வெல்டிங் வைக்க வருகிறவரின் கையாளுக்கும் ஒரு ஷீல்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேலையை நிறுத்தி வைத்து, வாங்கி வரச் சொல்லி, அந்தக் காசை நீங்கள் கொடுங்கள்.

எத்தனை பேருக்கு அறுவை செய்தோம் என்ற கணக்கு நம்மிடம் இருக்கிறது. எத்தனை பேர் தங்கள் தொழிலுக்குத் திரும்பினார்கள் என்ற கணக்கை இனி நாம் கேட்டு வாங்க வேண்டும்.